குசுமாவதி பெயரில் ஒரு பிரசவம்

கடிதம் குசுமாவதியின் பெயருக்குத்தான் வந்திருந்தது. விலாசமும் சரியாகவே இருந்தது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தபால்காரன் கொழும்பு கொட்டாஞ்சேனைத் தோட்டத்துக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனான். பழுப்பு உறை. உள்ளே சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒரு பக்கம்.

1983 யூலை 27ஆம் திகதி நீங்கள் எங்கள் ஆஸ்பத்திரியில் ஆயிரத்துத் தொளாயிரம் கிராம் நிறையுள்ள ஒரு பெண் குழந்தையைப் பெற்றீர்கள் என்று அதில் எழுதியிருந்தது. நிறை குறைந்த குழந்தைகளைப் பெற்ற தாய்மார் இருபது வருடத்துக்குப் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறது; தயவுசெய்து வரவும்; இரத்த அழுத்தமும் சீனியும் இலவசமாகப் பார்க்கப்படும்.

குசுமாவதி பிள்ளை பெறாதவள். ஐம்பத்து மூன்று வயது. புருஷன் சிறிசேன துறைமுகத்தில் வேலை பார்த்து, ஆறு வருடங்களுக்கு முன் இறந்துபோயிருந்தான். இடியாப்பம் அவித்து இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்துத் தனியாக வாழ்ந்துகொண்டிருந்தாள். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மூன்றாவது வீட்டுச் சீனியம்மா வேலையால் வரும்வரை வாசலில் காத்திருந்தாள்.

ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் நாற்பது வீட்டுத் தோட்டம் அது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், எல்லாரும் இருந்தார்கள். குசுமாவதி முப்பது வருடம் அங்கே இருந்து பழகிய தமிழைப் பேசினாள். சீனியம்மாவை அவள் எப்போதும் நங்கி என்றுதான் கூப்பிடுவாள். தங்கச்சி என்று அர்த்தம்.

"நங்கி, இதப் பாரு. நான் புள்ள பெத்திருக்கேனாம்."

சீனியம்மாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. குசுமாவதி வாசித்துச் சொன்னாள். திகதியைக் கேட்டதுமே சீனியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கையில் இருந்த மரக்கறிப் பை கீழே சாய்ந்து வெங்காயம் உருண்டது. இரண்டு பேரும் அதைப் பொறுக்கவில்லை.

சீனியம்மாவின் பெற்றோர் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர்கள். பதினெட்டு வயதில் காளியப்பனைக் கட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தாள். காளியப்பன் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி. அவள் ஒரு மிளகாய்த்தூள் மில்லில் பைகட்டும் வேலைக்குப் போனாள். கண் எரியும், மூக்கு எரியும். ஆனாலும் மலையில் அட்டைக்கடி வாங்குவதைவிட இது பரவாயில்லை என்பாள். ஐந்து வருடம் கழித்துத்தான் வயிற்றில் பிள்ளை தங்கியது.

அந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது எத்தனையாவது மாதத்தில் என்ன நடந்தது என்று இந்தக் கடிதத்துக்குப் பிறகு அவளிடம் கேட்டார்கள். அவளிடம் கணக்கு இல்லை. கால் வீங்கி, செருப்பு ஏறாமல் போனது ஞாபகம். தலை விடாமல் இடித்தது ஞாபகம். சில நேரம் கண்ணுக்கு முன்னால் மினுமினுவென்று பூச்சி பறக்கும். மில்லுக்குப் போவதை நிறுத்தி ஒரு கிழமை ஆகியிருந்தது. அப்போதுதான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

காளியப்பன் விடியவே வேலைக்குப் போய்விட்டான். பத்து மணிபோல் புறக்கோட்டைப் பக்கம் புகை தெரிந்தது. குசுமாவதி பின்வழியாக வந்து, ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தன் வீட்டுப் பின்னறையில் உட்காரவைத்தாள். சீனியம்மாவின் நெற்றிப் பொட்டைத் தன் விரலாலேயே அழித்தாள். சேலையைக் களையச் சொல்லித் தன்னுடைய சீத்தைத் துணியையும் சட்டையையும் உடுத்திவிட்டாள். மத்தியானம் ஆட்கள் தமிழர் வீடுகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு வந்தபோது சிறிசேன வாசலில் நின்றான். இங்கே நானும் என் மனுசியும் அவளுடைய தங்கச்சியும்தான் என்றான். அவர்கள் மூன்றாவது வீட்டுக்குப் போனார்கள். கட்டில், அலுமாரி, பிள்ளைக்கென்று தைத்து வைத்திருந்த துணி, எல்லாம் ஒழுங்கைக்கு வந்து எரிந்தது. சீனியம்மா அதைப் பார்க்கவில்லை. எரியும் வாடை மட்டும் அவளுக்கு வந்தது.

புதன்கிழமை வலி வந்தது. ஊரடங்குச் சட்டம். சிறிசேன துறைமுகப் பாஸைக் காட்டி ஒரு லொறியைக் கொண்டுவந்தான். ஏறுவதற்கு முன் குசுமாவதி அவள் காதருகே குனிந்து சொன்னாள்:

"நங்கி, வலி வந்தா கத்து. ஆனா அம்மான்னு கத்தாத. அம்மேன்னு கத்து."

ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற வந்தவளின் பெயர் கேட்டார்கள். குசுமாவதி தன் பெயரைச் சொன்னாள். வயது முப்பத்து மூன்று என்றாள். புருஷன் பெயர் சிறிசேன. விலாசமும் தன்னுடையது. கூட வந்த நீ யார் என்றதற்கு, அக்கா என்றாள். இருபத்து மூன்று வயதுச் சீனியம்மா கட்டிலில் கிடந்து சிங்களத்தில் 'அம்மே' என்று கத்தினாள். ஒவ்வொரு தடவையும் வாய் 'அம்மா' என்றுதான் திறந்தது. அதைப் பாதியில் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது.

பிள்ளையைத் தராசில் போட்ட நர்ஸ் மிஸ், "பொடி கெல்லக்," என்றாள். சின்னப் பெண். ஒன்று தசம் ஒன்பது கிலோ.

பிள்ளை சின்னது என்பதால் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். ஒன்பது நாளும் சீனியம்மா வாயைத் திறக்கவில்லை. பயத்தில் தங்கச்சிக்குப் பேச்சு நின்றுவிட்டது என்று குசுமாவதி வார்டில் சொல்லி வைத்தாள். பிள்ளைக்குக்கூட அவள் சத்தமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் காளியப்பன் இரத்மலானை முகாமிலிருந்து தாடியோடு வந்தான். தன் வீடு எரிந்து கிடப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தவனைக் குசுமாவதிதான் உள்ளே கூட்டிப்போய்ப் பிள்ளையைக் காட்டினாள்.

பிள்ளைக்கு இரண்டு பாஷையிலும் கூப்பிடக்கூடிய பெயராகத் தேடி, தமயந்தி என்று வைத்தார்கள். பிறப்பைப் பதிவு செய்ய ஆஸ்பத்திரித் துண்டைக் காட்ட முடியாது. அதில் தாய் குசுமாவதி. மூன்று மாதம் கழித்து காளியப்பன் கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய், கலவரத்தில் வீட்டிலேயே பிறந்த பிள்ளை என்று பதிந்தான். பிரசவம் பார்த்தது யார் என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக் குசுமாவதி என்றான். ஆக ஒரு தாளில் குசுமாவதி பிள்ளை பெற்றவள். இன்னொரு தாளில் பிள்ளை பிடித்தவள். இரண்டும் பொய். அதற்குப் பிறகு சீனியம்மாவின் வயிற்றில் ஒரு பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. வேறு தங்கவில்லை.

இருபது வருடமாக யாரும் கேட்காத விஷயத்தை இந்தக் கடிதம் கேட்டது.

காளியப்பன் கடிதத்தைக் கையில் வாங்கவே மறுத்தான். "கிழிச்சுப் போடுங்கக்கா. இது நோயும் இல்ல, ஆராய்ச்சியும் இல்ல. எவனோ எதையோ தோண்டுறான். நாளைக்குப் புள்ளைட ஐசி கார்ட்ல வந்து நிக்கும்."

"ஏங்க, சமாதானம்னு சொல்றாங்களே. செக்பொயின்ட் எல்லாம் எடுத்துட்டாங்க," என்றாள் சீனியம்மா.

"எடுத்தத திரும்ப வைக்க எவ்வளவு நேரம்?"

அவன் பயந்ததில் நியாயம் இருந்தது. தமயந்திக்கு அப்போது பத்தொன்பது வயது. மருதானையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. முந்திய வருடங்களில் சோதனைச் சாவடிகளில் எத்தனையோ தடவை அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே பிறந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். தான் கலவரத்தில் பிறந்தது அவளுக்குத் தெரியும். வேறு ஒருத்தியின் பெயரில் பிறந்தது தெரியாது.

கடைசியில் குசுமாவதி சொன்னாள்: "நான் போறேன். எனக்குப் புள்ள இல்ல, ஏதோ பிழை நடந்திருக்குன்னு சொல்றேன். அதோட முடியும்."

அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனாள்.

மத்தியானம் திரும்பி வந்தவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று இடியாப்பத்துக்கு மா குழைக்கவில்லை. மறுநாள் சீனியம்மா கதவைத் தட்டியபோது, மேசையில் ஒரு கிளினிக் அட்டையும் குளிசைப் பக்கெட்டும் இருந்தன.

"என்னாக்கா சொன்னீங்க அங்க?"

"பிழைன்னு சொல்லத்தான் போனேன்." குசுமாவதி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஒரு டொக்டர் பொண்ணு. நல்ல பொண்ணு. உட்காரச் சொன்னா. முதல் கேள்வியே, அந்தக் குழந்தை உயிரோட இருக்கான்னு. இல்லேன்னு எப்படிச் சொல்றது நங்கி? தமயந்தி காலையில என்கிட்ட இடியாப்பம் வாங்கிக் கட்டிக்கிட்டுத்தானே வேலைக்குப் போனா? இருக்குன்னு சொன்னேன். அதுக்குப் பிறகு நிப்பாட்ட முடியல."

"எல்லாத்துக்குமா பதில் சொன்னீங்க?"

"எல்லாத்துக்கும். கால் வீங்கிச்சான்னு கேட்டா. ஆமான்னேன். தலையிடியா, ஆமா. எத்தன மாசம் பால் குடுத்தீங்க? ஒன்றரை வருசம். எப்ப நடந்தா? பதினாலாம் மாசம். எல்லாம் எனக்குத் தெரியும்தானே. பக்கத்துல இருந்தேன்தானே."

சீனியம்மாவுக்குக் கோபம் வருவதுபோல் இருந்தது. யார்மேல் கோபப்படுவது? இந்தப் பெயர் இல்லையென்றால் தானும் பிள்ளையும் இல்லை. ஆனாலும் தன் வீங்கின காலையும் தன் பாலையும் இன்னொருத்தி போய் ஒரு டொக்டரிடம் தன்னுடையதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"பிறகு கையில பட்டி கட்டிப் பாத்தாங்க," என்றாள் குசுமாவதி. "நூத்தி எழுவது. கூடவாம். நிறை குறைஞ்ச புள்ள பெத்த அம்மாமாருக்குப் பின்னால பிரஷர், இருதய வருத்தம் கூட வருதாம், கவனமா இருங்கன்னு சொல்லி, பக்கத்துக் கிளினிக்குல கார்ட் போட்டுக் குடுத்தா."

அவள் குளிசைப் பக்கெட்டை எடுத்துச் சீனியம்மாவின் கையில் வைத்தாள்.

"இது ஒனக்கு."

"எனக்கா? எதுக்கு?"

"அந்தச் சின்னப் புள்ளைய பெத்தவளுக்குன்னு தந்தது. நான் பெறலையே."

"பிரஷர் ஒங்களுக்குத்தானேக்கா பாத்தாங்க?"

"ஆமா," என்றாள் குசுமாவதி. "அதுதான் எனக்கும் வெளங்கல."

வாங்காமல் விடவும் சீனியம்மாவால் முடியவில்லை. ஒரு வருடமாகவே அவளுக்குப் பின்கழுத்து வலித்துக்கொண்டிருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நாற்பத்து மூன்று வயதுதான் ஆகிறது. அடுப்புச் சூட்டால் இருக்கும் என்று விட்டிருந்தாள். அடுத்த நாள் காலையிலிருந்து தினமும் ஒரு குளிசையைப் போட்டாள். காளியப்பனிடம் சொல்லவில்லை.

கலவரத்தில் மில் எரிந்ததிலிருந்து அவள் வீட்டு வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். இப்போது வெள்ளவத்தையில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியிருக்கும் நாகேந்திரம் மாஸ்டர் வீட்டில் சமையல். மாஸ்டரின் மனைவி பத்மாவதி படித்தவர். பத்திரிகை ஒன்றுவிடாமல் வாசிப்பார். அவரிடம் கேட்டால் விளங்கும் என்று நினைத்து, ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, சின்னதா புள்ள பெத்தா பெத்தவளுக்குப் பிரஷர் வருமாங்க?"

"ஆர் உனக்குச் சொன்னது?"

"யாரோ சொன்னாங்க."

"விசர்க்கதை. நான் மூண்டு பெத்தனான். மூண்டும் ஏழு இறாத்தலுக்கு மேலை. எனக்குப் பிரஷரும் இருக்கு, சலரோகமும் இருக்கு. ஏன், பெரிசாப் பெத்தாலும் வரும்."

சீனியம்மா தேங்காய்ப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சின்னதாகப் பெற்றவளுக்கு வரும். பெரிதாகப் பெற்றவருக்கு வந்திருக்கிறது. பெறாத குசுமா அக்காவுக்கும் வந்திருக்கிறது. அப்படியானால் அந்தக் கடிதம் எதைத்தான் கேட்டது?

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவளுக்கு வேறொரு யோசனை வந்தது. பிள்ளை சின்னதாக இருந்ததால் தனக்கு வருத்தமா, தன்னிடம் ஏற்கெனவே வருத்தம் இருந்ததால்தான் பிள்ளை சின்னதாகப் போனதா? இருபது வருடமாக அவள் அந்தப் புகையையும் அந்த ஆட்களையும்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்துக் குசுமாவதி மறுபடி கிளினிக்குக்குப் போக வேண்டிய நாள் வந்தது. இரண்டு மூன்று நாளாக அவளுக்குத் தலை சுற்றியது. இடியாப்ப உரலைப் பிழியும்போது சுவரில் சாய்ந்துகொண்டாள். தனியாக அனுப்பப் பயந்து சீனியம்மாவும் வேலைக்குப் போகாமல் கூடப் போனாள்.

ஆராய்ச்சி அறை ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில் மாடியில் இருந்தது. டொக்டருக்கு முப்பது வயதுபோல் இருக்கும். சட்டையில் சிவக்கொழுந்து என்று ஆங்கிலத்தில் பெயர் குத்தியிருந்தது. சீனியம்மாவுக்கு அது வாசிக்கத் தெரியவில்லை. டொக்டர் குசுமாவதியிடம் நல்ல சிங்களத்தில் பேசினார். பட்டியைக் கட்டிப் பார்த்தார். அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டிப் பார்த்தார்.

"நூற்று எண்பத்து நான்கு. குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

குசுமாவதி மேசையில் கிடந்த பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளும் விடாமல் போட்டீர்களா? சொல்லுங்கள். போட்டும் இப்படி ஏறியிருந்தால் நான் உங்களை இன்றைக்கே வார்டில் மறித்து வைக்க வேண்டும்."

குசுமாவதி திரும்பிச் சீனியம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் உதவி கேட்பது மட்டும்தான் இருந்தது. சீனியம்மா எழுந்தாள். சிங்களத்தில் தொடங்கப் போனவள் வாயில் தமிழ்தான் வந்தது.

"அந்தக் குளிசைய நான் போட்டேங்க. அந்தப் புள்ளைய பெத்ததும் நான்தாங்க."

டொக்டரின் கை அப்படியே நின்றது. "என்ன சொன்னனீங்கள்?" என்று தமிழில் கேட்டார்.

இந்த டொக்டர் தமிழர் என்று இரண்டு பேருக்கும் அப்போதுதான் தெரிந்தது. சீனியம்மா சொல்லத் தொடங்கினாள். முன்பின்னாக, முதலில் பதிவுத் தாளையும், பிறகு லொறியையும், பிறகு 'அம்மே' என்று கத்தியதையும் சொன்னாள். டொக்டர் இடையில் மறித்து மறித்துக் கேட்டு, மேசையில் இருந்த பழைய பட்டியலில் விரலை வைத்து வரியைத் தேடினார்.

"இருங்கோ. குசுமாவதி, முப்பத்து மூண்டு வயது எண்டு இருக்கிறது நீங்கள். உண்மையிலை இருபத்து மூண்டு வயது. புருஷன்ரை பேர்?"

"காளியப்பன்ங்க."

"இவ அப்ப ஆர்?"

"அக்காங்க."

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். "அந்தக் கிழமை நாங்களும் வெள்ளவத்தையிலை ஒரு வீட்டு மேல்மாடியிலை ஒளிஞ்சிருந்தனாங்கள். எனக்குப் பதினொரு வயது," என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு சீனியம்மாவின் கையில் பட்டியைக் கட்டினார். நூற்று அறுபது.

"ஒரு மாசம் குளிசை போட்டும் நூற்று அறுபது. போடாட்டி எவ்வளவு எண்டு எனக்குத் தெரியாது. அவவுக்குக் குளிசை போட்டா எவ்வளவு குறையும் எண்டும் தெரியாது. நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் குழப்பிப் போட்டியள்." அவர் கோபித்தாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. "ஒராளுக்குத் தந்த குளிசையை இன்னொராள் போடுறது எவ்வளவு ஆபத்து தெரியுமோ?"

"டொக்டர், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்கோ."

"அந்தப் புள்ளையாலதான் எனக்கு வந்திச்சா?"

"இல்லை. பிள்ளை தாய்க்கு வருத்தம் குடுக்கிறேல்லை."

"அப்ப எனக்கு வருத்தம் இருந்ததாலதான் புள்ள சின்னதா போச்சா?"

டொக்டர் திருப்பிக் கேட்டார். "கால் வீங்கினது, தலையிடி, கண்ணுக்கு முன்னாலை மினுங்கினது, இதெல்லாம் உங்களுக்கோ அவவுக்கோ?"

"எனக்குத்தாங்க."

"அப்ப ஆரும் பிரஷர் பாத்தவையோ?"

"இல்லீங்க."

"அப்பவே கூடியிருந்திருக்கலாம். கூடியிருந்தா பிள்ளைக்குச் சத்து ஒழுங்காப் போயிருக்காது, நிறை குறைஞ்சிருக்கும். இல்லாட்டி, நாள் முந்திப் பிறந்ததாலை சின்னனா இருந்திருக்கும். சாப்பாடு இல்லை, பயம், அதுவும் இருக்கலாம். பட்டியலிலை எத்தினையாம் கிழமை எண்டு எழுதேல்லை. எனக்குச் சொல்லத் தெரியேல்லை அம்மா." அவர் மேசையைத் தட்டிக்கொண்டே யோசித்துப் பேசினார். "வெளிநாடுகளிலை ஆயிரக்கணக்கான தாய்மாரைப் பாத்திருக்கினம். நிறை குறைஞ்ச பிள்ளை பெத்தவைக்குப் பிற்காலத்திலை இருதய வருத்தம் மற்றவையளை விடக் கூடவாக் காணுது. ஏனெண்டு இன்னும் சரியா விளங்கேல்லை. பிள்ளைத்தாச்சி காலத்திலை உடம்பு பெரிய பாரம் தாங்குது. அப்ப கஷ்டப்பட்ட உடம்பு பிறகும் கஷ்டப்படலாம் எண்டு நினைக்கினம். எல்லாருக்கும் அப்பிடி வரும் எண்டில்லை. பெறாத ஆளுக்கும் வரும். அவவுக்கு வந்திருக்குத்தானே."

"அப்ப யாரு மேலயும் குத்தம் இல்லீங்களா?"

"உங்களிலை குற்றம் இல்லை. அது மட்டும் எனக்கு வடிவாத் தெரியும்."

குசுமாவதிக்கு அவ்வளவு தமிழும் விளங்கவில்லை. ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள். டொக்டர் அவள் பக்கம் திரும்பி, ஏன் பொய் சொன்னீர்கள் என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். "நீங்கள் கேட்டது எல்லாமே எனக்குத் தெரிந்ததுதானே மிஸ்," என்றாள் குசுமாவதி. வேறு காரணம் சொல்ல அவளிடம் இருக்கவில்லை.

பட்டியலில் அந்த வரியை என்ன செய்வதென்று டொக்டருக்குப் புரியவில்லை. பெயரை மாற்றி எழுதினால் ஆதாரம் வேண்டும். ஆதாரம் என்று இருக்கிற தாள் எல்லாமே வேறு சொல்கிறது. அவர் பெரிய டொக்டர் ஒருவரிடம் கேட்டுவிட்டு வந்து, வரியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். ஆராய்ச்சியில் இரண்டு பேரையும் சேர்க்க முடியாது என்றார். இந்த விஷயம் இந்த ஆராய்ச்சிக்கு வெளியே போகாது, பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். கிளினிக்கில் சீனியம்மாவுக்கும் ஓர் அட்டை போட்டார்கள். அன்று திரும்பி வரும்போது இரண்டு பேரிடமும் தனித்தனிக் குளிசைப் பக்கெட் இருந்தது. குசுமாவதியை வார்டில் மறிக்கவில்லை; ஆனால் ஒரு கிழமைக்குத் தினமும் வரச் சொன்னார்கள்.

அன்று பின்னேரமே தமயந்திக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. கிளினிக் அட்டையைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள். சீனியம்மா சொல்லி முடித்தபோது தமயந்தி தகப்பனைத்தான் பார்த்தாள்.

"அப்ப என்ட பேத் சேட்டிபிகேட் பொய்யாப்பா?"

"பேர் பொய் இல்ல. அம்மா பேர் பொய் இல்ல. எடம்தான்," என்றான் காளியப்பன்.

"இருவது வருசமா சொல்லலியே."

அவள் எழுந்து வெளியே போனாள். எங்கே போகிறாள் என்று சீனியம்மா எட்டிப் பார்த்தாள். தமயந்தி குசுமாவதியின் வீட்டுக்குள் போய், மாச்சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் தானே பிழியத் தொடங்கியிருந்தாள்.

அடுத்த நான்கு வருடம் இரண்டு பெண்களும் ஒரே நாளில் கிளினிக்குக்குப் போய் வந்தார்கள். குசுமாவதிக்கு நூற்று நாற்பதுக்கு இறங்கியது. சீனியம்மாவுக்கு ஏறி ஏறி இறங்கியது; கழுத்து வலி முற்றாகப் போகவில்லை. இரண்டாயிரத்து ஐந்தில் சிவக்கொழுந்து டொக்டர் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார். ஆராய்ச்சியில் என்ன கண்டார்கள் என்று இவர்களுக்கு யாரும் எழுதவில்லை. பிறகு வந்த டொக்டரிடம் சீனியம்மா ஒருமுறை, எனக்குப் பிள்ளை ஒன்று தசம் ஒன்பதாகப் பிறந்தது என்று சொல்லிப் பார்த்தாள். அவர் எழுதிக்கொண்டே, "அது பழைய கதை அம்மா. இப்ப உப்பைக் குறைங்க," என்றார். பழைய கதை என்றால் அன்று அவ்வளவு கேட்டது ஏன்? யாருக்கு முக்கியம், யாருக்கு முக்கியமில்லை என்று அவளுக்குப் பிடிபடவில்லை. உப்பைக் குறைத்தாள்.

இரண்டாயிரத்து ஏழில் தமயந்தி முழுகாமல் இருந்தாள். வத்தளைப் பக்கத்துப் பையன் ஒருவனைக் கட்டி ஒரு வருடம் ஆகியிருந்தது. சண்டை மறுபடி தொடங்கி, சோதனைச் சாவடிகள் எல்லாம் பழையபடி வந்துவிட்டன. பொலிஸ் பதிவு, இரவில் தேடுதல், வெள்ளை வான் பற்றிய கதைகள். கிளினிக்குக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரியை வெயிலில் நிறுத்திவைத்து அட்டையைப் பார்த்தார்கள். சீனியம்மா மகளின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீங்கியிருக்கிறதா? செருப்பு வார் பதிந்திருக்கிறது. அது வீக்கமா, வெயிலா?

கிளினிக்கில் மருத்துவமாது தமயந்தியின் அட்டையை நிரப்பிக்கொண்டிருந்தாள். இளம் சிங்களப் பெண். பிரஷர் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்றாள்.

"மிஸ்," என்றாள் சீனியம்மா சிங்களத்தில், "இவள் பிறந்தபோது நிறை ஒன்று தசம் ஒன்பது. அப்போது எனக்குக் கால் வீங்கியது. தலையிடி. இப்போது எனக்குப் பிரஷர் இருக்கிறது. மாதம் மாதம் இவளுக்குப் பார்ப்பீர்களா?"

"மாதம் மாதம் எல்லாருக்கும் பார்ப்போம் அம்மா."

"அதற்கு இடையிலும் கொண்டுவரட்டுமா?"

"அம்மா, போதும்," என்று தமயந்தி தமிழில் முணுமுணுத்தாள்.

மருத்துவமாது சீனியம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பேனையை எடுத்து அட்டையின் கீழே இருந்த வெற்று இடத்தில் இரண்டு வரி எழுதினாள். கால் வீங்கினால், தலை இடித்தால், நாள் பார்க்காமல் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். என்ன எழுதினாள் என்று சீனியம்மாவால் வாசிக்க முடியவில்லை. மகளிடம் கேட்கவும் இல்லை. அட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, மருந்து கொடுக்கும் வரிசையில் போய் நின்றாள்.